ஆசிரியர் அறை அக்சஸ் பாயிண்டும் சௌகத் அலி சார் வாங்கிய மெமோவும்

வலைப்பின்னலின் வல்லவரே! வாய் திறவாத வைராக்கியரே! கீழ்க்கட்டளையிலிருந்து காலை ஏழே முக்காலுக்கே வந்து, கேபிளும் கையுமாய் இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த முடிச்சூர்க் கல்லூரிக்கு இணையம் தந்த இனியவரே! எங்கள் சௌகத் அலி சார் அவர்களே, வணக்கம்!

இந்தப் பிரிவு உபசார மேடையில் இதற்கு மேல் 'தாங்கள்', 'தங்கள்' என்று வாசித்தால் எழுந்து போய்விடுவீர்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எங்களுக்கும் இல்லை. ஆகவே இனி 'அவர்' என்றே வாசிக்கிறோம், பொறுத்தருள்க.

சுவரில் மாட்டியிருக்கும் அக்சஸ் பாயிண்ட், அதாவது நாம் வைஃபை பெட்டி என்பது, காற்றில் மட்டும் இணையம் தருவதில்லை. அதன் அடியில் கேபிள் சொருக நான்கு போர்ட்டுகள் உண்டு. எந்த போர்ட் அலுவலகத்துக்கு, எது மாணவருக்கு என்று கணினியில் ஒவ்வொன்றாக அமைப்பார் அவர். தேவையில்லாததை அடைத்து, அதன் மேல் தேதியும் கையெழுத்தும் போட்ட சீட்டு ஒட்டுவார். திறக்க வேண்டுமென்றால் அவர் நோட்டில் காரணம் எழுதியாக வேண்டும். "சார், ரேஷன் கடையே பரவால்ல போலகீதே!" என்று எங்களில் ஒருவரான எபி கிண்டலடித்தார். அவர் சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டினார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கல்லூரியின் தரம் பார்க்க ஆய்வுக்குழு வந்தது. அதற்கு முந்தைய வாரம் நிர்வாக அதிகாரி கஸ்தூரிரங்கன் அவரை அழைத்தார்.

"வர்றவங்க லேப்டாப்ப எங்க வேணா சொருகுவாங்க சார். எல்லா போர்ட்டையும் ஓபன் பண்ணி விடுங்க. அந்தச் சீட்டெல்லாம் கிழிச்சுப் போடுங்க, பாக்கவே அசிங்கமா இருக்கு."

"வேணாம் சார். ஒரே கேபிளோட ரெண்டு முனையும் ஒரே பெட்டியில சொருகிட்டா, காலேஜ் மொத்தமும் படுத்துரும்."

"யார் சார் அப்படிச் சொருகுவா?"

அதிகாரி சொன்னபடியே சீட்டுகள் கிழிந்தன, போர்ட்டுகள் திறந்தன. யார் சொருகுவார்! பட்டம் பெற்று, பாடம் நடத்தி, பண்பு போதிக்கும் நாங்கள்தான் சொருகினோம். குழு வரும் காலை ஆசிரியர் அறையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம், நான்கு பேர். பெட்டியிலிருந்து ஒரு கேபிள் தரை வரை தொங்கியது. வணிகவியல் ஸ்ரீவித்யா அதை அழகாகச் சுருட்டி, மறுமுனையை அதே பெட்டியின் காலி போர்ட்டில் சொருகினார். "இப்ப நீட்டா இருக்குல்ல?" என்றார். "சூப்பர்" என்றோம் மற்ற மூவரும்.

பத்தே நிமிடம். போன தகவலே திரும்பத் திரும்பச் சுற்றிப் பெருகி வளாகம் முழுவதையும் முடக்கிவிட்டது. குழுவின் கண் முன்னால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. மூன்று மணி நேரம் மாடி மாடியாக ஓடினார் அவர். கடைசியில் எங்கள் அறைக்கு வந்து, குனிந்து, அந்த முனையைப் பிடுங்கினார். எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஸ்ரீவித்யா தலை குனிந்ததையும் பார்த்தார். கேபிளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கவனக்குறைவு என்று அவருக்கு மெமோ வந்தது. விசாரணையில் நால்வரும் 'எதுவும் தெரியாது' என்று எழுதிக் கொடுத்தோம். ஸ்ரீவித்யாவுக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. மற்ற மூவருக்கு என்ன கேடு? பயம்தான். அவருக்கு வர வேண்டிய மேலாளர் பதவி, புதிதாக வந்த ராகவேந்திராவுக்குப் போனது. ராகவேந்திரா செய்த முதல் வேலை, எல்லா போர்ட்டையும் அடைத்தது. நிர்வாகம் ராகவேந்திராவை மேடையேற்றிப் பாராட்டியது. நாங்கள் வெட்கமில்லாமல் கை தட்டினோம்.

தன் பெயர்மேல் விழுந்த அந்தக் கறை நீங்க வேண்டும் என்பதைத் தவிர இந்தக் கல்லூரியிடம் அவர் எதையும் கேட்டதில்லை. ஆண்டுதோறும் விண்ணப்பித்தார். 'சாட்சி இல்லை' என்று ஆண்டுதோறும் பதில் வந்தது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

போன ஞாயிறு விழாவுக்கு அழைக்க அவர் வீட்டுக்குப் போனோம். அவர் கடைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி மெஹர் பானு டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்த மெமோவ பீரோல வச்சிகினு கீறாரு. எங்க பொண்ணு ஷபீனா நிக்காவுல மாப்ள வூட்டு ஆளு ஒருத்தரு, 'இன்னா பாய், காலேஜ்ல ஏதோ தப்பு பண்ணிட்டீங்களாமே'ன்னு கேட்டுட்டாரு. அன்னிக்கு இவரு ஒரு வாய் பிரியாணி துன்னல. அந்த ஒயர சொருவுனது யாருன்னு நான் கேட்டா, 'வுடு, அந்தப் பொண்ணு வேல பூடும்'ன்றாரு. உங்களுக்கெல்லாம் வாயே கெடையாதா?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தோம்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் விசாரித்தோம். நால்வரும் உண்மையை எழுதிக் கொடுத்தால் மெமோ ரத்தாகும் என்றார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குப் பணி விடுவிப்பு ஆணையில் கையெழுத்தாகிவிட்டால், பிறகு ஒன்றும் செய்ய முடியாதாம். மூவர் எழுதிவிட்டோம். நான்காமவர் சின்மயி மேடம், இன்று நம் துணை முதல்வர். சௌகத் அலி சாருக்குப் போர்த்தச் சால்வையோடு இதே மேடையில் அமர்ந்திருக்கிறார். "பழசையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறிக்கிட்டு?" என்று கேட்டார்.

சௌகத் அலி சார்! மெஹர் பானு அம்மையாரோடும் மக்களோடும் நோயின்றி, நொடியின்றி, நூறு கடந்து நீங்கள் வாழ வேண்டும். மன்னிப்புக் கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை, கேட்கவும் இல்லை. இப்போது மணி நாலே கால்.

இப்படிக்கு,

கேபிளைச் சொருகியவர்: ஸ்ரீவித்யா

பார்த்தும் 'தெரியாது' என்று எழுதியவர்கள்:
எபி
ரத்தினபாய்
சின்மயி (கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம், மேடம்)