பூப்பாறையைத் தாண்டாத பயணம்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் அம்மையார் சுந்தரம்மாள் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் பெரியோர்களே, மலையில் ஏலக்காய் பறித்துவிட்டு ஜீப்பை விட்டு இறங்கிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, போடி மண்ணின் பிள்ளைகளே! அனைவருக்கும் இந்தப் பாண்டீஸ்வரியின் பணிவான வணக்கம்.

"ஏலக்காய் வணிகத்தில் வென்ற கதையைச் சொல்லுங்கள், எங்கள் பெண்கள் முன்னேறட்டும்" என்று அழைத்தார்கள். சொல்கிறேன். கைதட்டலை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

ஊருக்கெல்லாம் நான் சொல்லிவந்த அறிவுரை ஒன்றே ஒன்றுதான். வேலை முதலில், வேடிக்கை பிறகு! இதே மேடையில் முழங்கியிருக்கிறேன். அதனால் தோட்டம் வந்தது, தொழில் வந்தது, தோளில் இந்தப் பொன்னாடையும் வந்தது. வராமல் போனது எது தெரியுமா? மூணாறு!

சிரிக்காதீர்கள் தாயே... சரி, சிரியுங்கள். போடியில் பிறந்தவள் மூணாறு பார்க்கவில்லை என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

என் வீட்டுக்காரர் ஜக்கையனுக்கு ஜீப்பு ஓட்டுவது என்றால் உயிர். ஞாயிறுதோறும் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு, மகன் ராஜ்கமலை மடியில் வைத்துக்கொண்டு, மூணாறு என்றுதான் புறப்படுவோம். மேட்டில் ஏறி, மேகத்தில் நுழைந்தால் பூப்பாறை வரும். அங்கேதான் எங்கள் காய் உலர்த்தும் ஸ்டோர். "ஏங்க, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்" என்பேன். ஈரக்காயை உலர்த்தத் தாமதித்தால் பச்சை நிறம் போய்விடும், உங்களுக்குத் தெரியாததா? உள்ளே போனால் சூட்டைப் பார்ப்பேன், காயைப் புரட்டுவேன், ஆட்களை ஏசுவேன். புளிச்சோறு ஸ்டோர் வாசலிலேயே தீர்ந்துபோகும். "மூணாறு எங்கயும் ஓடிறாது அப்பு, அடுத்த வாரம் போலாம்" என்று மகனைத் தேற்றிவிட்டு வந்த வழியே இறங்குவோம். எத்தனை ஞாயிறு! எத்தனை அடுத்த வாரம்! காயின் பச்சை மாறாமல் காத்தேன். கண்ணெதிரே மகன் வளர்ந்ததைக் காணாமல் விட்டேனே!

இன்று காலை, பெங்களூரிலிருந்து வந்திருக்கும் அந்த மகன், "அம்மா, இன்னைக்கு மூணாறு போயே தீரணும்" என்று எங்கள் இருவரையும் காரில் ஏற்றினான். ஸ்டோர் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன, நம்பமாட்டீர்களா? சத்தியம் அம்மா! ஆனால் அதே பூப்பாறையில் அவன் போன் அடித்தது. "ஆபீஸ் சோலிம்மா, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்" என்று வண்டியை ஓரங்கட்டி லேப்டாப்பைத் திறந்தான். என் சொல்! என் குரல்! இந்த விழாவுக்குத் திரும்ப நேரமாகும்வரை அவன் நிமிரவே இல்லை. பின்சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர், "நீ வளத்த பிள்ளைதான, வையாத" என்றார். வைவதற்கு எனக்கு ஏது வாய்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. ஜீப்பைத் தொட்டு நாளாயிற்று. இனி நான் மூணாறுக்கே கூட்டிப்போனாலும் அத்தனை பச்சை மலையும் அவருக்கு வெறும் பனிமூட்டம்தான். வென்றவள் என்கிறீர்களே, யாரை வென்றேன்? எதை வென்றேன்?

ஆகவே, இந்த மேடையில் கொடுத்த அறிவுரையை இந்த மேடையிலேயே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நாளை காய் ஏலம் உண்டு. அங்கே நான் இருக்க மாட்டேன்! டேய் ராஜ்கமல், மூணாவது வரிசையில உக்காந்துக்கிட்டு என்ன பாக்குற? அந்தப் போனை உள்ள வை. விடிஞ்சதும் கிளம்புறோம். பூப்பாறையில வண்டி நிக்கக் கூடாது.

என்னங்க? முன்வரிசையில் அவர் ஏதோ சொல்கிறார்... தம்பி, அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே பாண்டீசு. நீ பாத்துச் சொல்லிக்கிட்டே வா, போதும்."

கேட்டீர்களா தாய்மார்களே? மேடை மேடையாகப் பேசிய இந்த வாய், நாளை அவர் ஒருவருக்காகப் பேசப்போகிறது. பொன்னாடை போர்த்திய கைகளுக்கு நன்றி, பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கு நன்றி. வணக்கம் சொல்லி விடைபெறுகிறேன். நான் வெரசாகப் போய்ப் புளிச்சோற்றுக்குப் புளி ஊறப்போட வேண்டும்.