எழுதியவருக்கு வாய் கிடையாது

பொறியியல் மாணவர்களுக்கு எழுத வராது என்று சொல்வது தவறு. அவர்களுக்கு எழுதப் பிடிக்காது, அவ்வளவுதான். பிடிக்காத வேலையையும் ஒழுங்காகச் செய்ய வைப்பது ஆசிரியரின் பொறுப்பு. பன்னிரண்டு ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறேன். எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

என் பாடத்தின் பெயர் தொழில்நுட்ப எழுத்து. இறுதியாண்டுக்கு, வாரம் இரண்டு மணி நேரம். அறிக்கை, விண்ணப்பம், குறிப்பு எல்லாம் உண்டு. ஆனால் மதிப்பெண்ணில் பாதி ஒரே ஒரு பக்கத்துக்குத்தான். ஆளுக்கு ஓர் இயந்திரத்தை ஒதுக்குவேன். அதை முன்பின் பார்த்திராத ஒருவர் படித்து இயக்கும்படி அந்தப் பக்கத்தை எழுத வேண்டும்.

பருவத்தின் கடைசி வாரத்தில் தேர்வு. மாணவர்கள் அதைக் கண்ணாடி நாள் என்பார்கள். ஆய்வுக்கூடத்துக்கும் நடைகூடத்துக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் இருக்கிறது. உள்ளே படிப்பவர், இயந்திரம், தாள். வெளியே எழுதியவர். படிப்பவர் எவ்வளவு தடுமாறினாலும் எழுதியவர் குரல் கொடுக்கக் கூடாது, கை காட்டக் கூடாது. ‘எழுதியவருக்கு வாய் கிடையாது’ என்று முதல் வகுப்பிலேயே பலகையில் எழுதிப் போடுவேன். நாளை ஒரு தொழிற்சாலையில் அந்தத் தாள் தொங்கும்போது எழுதியவர் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

படிப்பவராக ஆறு ஆண்டுகளாக நூலக உதவியாளர் வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது. மாணவர்களுக்கும் எனக்கும் அவர் நூலக அக்கா. இயந்திரம் எதுவும் தெரியாது, எழுத்து நன்றாகத் தெரியும். தாளில் இருப்பதைச் செய்வார், இல்லாததைச் செய்ய மாட்டார். ஒருமுறை ஒரு மாணவன் ‘மூடியைக் கழற்றவும்’ என்று எழுதிவிட்டு அதை எங்கே வைப்பது என்று எழுதாமல் விட்டான். அக்கா கடைசிவரை மூடியை இடது கையில் பிடித்துக்கொண்டே எல்லா வேலையையும் முடித்தார். வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் தம்பி, கழட்டினதை என்ன பண்றதாம்? தலையில கவுத்துக்கறதா?”

வகுப்பே சிரித்தது. அவன் அதன் பிறகு நன்றாக எழுதினான்.

“உங்களுக்குப் பயமாவே இருக்காதா அக்கா?” என்று சிலர் கேட்பார்கள்.

“சார் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாளு. இதுல என்ன பயம்?” என்பார்.

இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் துறைத்தலைவர் என்னை அழைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். அடுத்த வருஷத்துல இருந்து உங்க பாடத்தை நிறுத்திடறோம். இப்பல்லாம் பசங்க கம்ப்யூட்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அதுவே எழுதிக் கொடுத்துடுது.”

பாடத்தின் தேவையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரிதான் சார். ஒரு தாள்ல ஒரு வரி விட்டுப்போச்சுன்னா என்ன, குடியா முழுகிடப் போகுது?”

நியாயமான கேள்வி. அவர் அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. கேள்விக்குச் சான்றோடு பதில் சொல்ல வேண்டும் என்பது என் பாடத்தின் இரண்டாம் அலகு. என்னிடம் சான்று இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் கண்ணாடி நாளன்று ஒருவருக்கு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. ஒவ்வொரு தாளையும் முன்கூட்டியே நான் திருத்திவிடுவதுதான் காரணம். என் வேலையை நான் சரியாகச் செய்ததால் அது தேவையற்ற வேலையாகத் தெரிந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

“போனாப் போகட்டும். உப்புக் கம்மின்னாக்கூட எண் போட்டுக் காரணம் சொல்ற ஆளு நீங்க. இனியாவது மனுஷன் மாதிரி பேசுங்க” என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அழுத்தக் கலனை இந்த ஆண்டு, எல்லோரும் கால்குலேட்டர் என்று அழைக்கும் பெண்ணுக்கு ஒதுக்கினேன். வகுப்பில் முதல் மாணவி. எந்தக் கணக்கையும் மனத்திலேயே போட்டுவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். கலன் என்பது இடுப்புயர இரும்பு உருளை. சோதிக்க வேண்டிய உலோகத் துண்டை உள்ளே வைத்து, மூடி, கொதிநீராவியில் வேகவிட வேண்டும். மூடியை நான்கு திருகுகள் பிடித்திருக்கும். பக்கத்தில் ஆவியை வெளியேற்றும் குழாய். பழைய இயந்திரம். உள்ளே அழுத்தம் இருக்கும்போது திறக்க முயன்றால் தானாகத் தடுக்கும் அமைப்பு எதுவும் அதில் இல்லை. கால்குலேட்டரைத் தவிர அந்த வகுப்பில் வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

அவள் ஒன்பது வரி எழுதினாள். ஆறாவது வரி, மின்சாரத்தை நிறுத்தவும். ஏழாவது, பக்கக் குழாயைத் திறந்து ஆவியை வெளியேற்றி, அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்கவும். எட்டாவது, நான்கு திருகுகளையும் தளர்த்தவும். ஒன்பதாவது, மூடியைத் தூக்கவும். நான் பார்த்தவற்றில் மிக நல்ல தாள் அதுதான். இது பதிவாக வேண்டும்.

இறுதி வடிவத்தை நானே தட்டச்சு செய்வது வழக்கம். இரண்டு பிரதிகள். ஒன்று இயந்திரத்துக்கு, ஒன்று கோப்புக்கு. எழுதியவர் படித்துப் பார்த்து இரண்டிலும் கையெழுத்திட வேண்டும். பிறகு நான் இடுவேன்.

“படிச்சுப் பாரும்மா” என்றேன்.

“நான் எழுதினதுதானே சார். மனப்பாடமாவே தெரியும்.”

இரண்டிலும் கையெழுத்திட்டாள். நான்கு வினாடி ஆயிற்று. படித்திருந்தால் கோப்புப் பிரதியில் ஒன்பது வரியும் இயந்திரப் பிரதியில் எட்டு வரியும் இருப்பது தெரிந்திருக்கும். விட்டுப்போனது ஏழாவது. கை தவறியதல்ல. கீழே உள்ள எண்களையும் நான்தான் மாற்றினேன்.

என் எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். திருகு தளர்ந்ததும் ஆவி சீறும். அக்கா கையை உதறிக்கொண்டு விலகுவார். துறைத்தலைவர் நிமிர்ந்து பார்ப்பார். தன் கேள்விக்கு விடை வந்துவிட்டது என்பார். விரல் நுனியில் ஒரு கொப்புளம் வரலாம் என்று கணித்திருந்தேன். முதலுதவிப் பெட்டியில் களிம்பு இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துவைத்தேன்.

கண்ணாடி நாளுக்குத் துறைத்தலைவரை அழைத்திருந்தேன். வந்தார். இருபத்திரண்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். வழக்கம்போல நான் கதவில் சாய்ந்து நின்றேன். அக்கா உள்ளே தண்ணீர் ஊற்றினார், துண்டை வைத்தார், மூடினார், காத்திருந்தார், மின்சாரத்தை நிறுத்தினார். பிறகு தாளைப் பார்த்துவிட்டு முதல் திருகில் கை வைத்தார்.

“ஐயோ, அக்கா ஒரு வரியை விட்டுட்டாங்க” என்றாள் கால்குலேட்டர். “சார், ஆவியை வெளியே விடணும் சார். கதவைத் திறங்க.”

“எழுதியவருக்கு வாய் கிடையாது” என்றேன்.

“சார், விளையாடாதீங்க சார். தள்ளுங்க.”

என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் கனமானவன். அவள் கண்ணாடியைத் தட்டத் தொடங்கினாள். அது தடிமனான கண்ணாடி. துறைத்தலைவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது திருகில் ஆவி மெல்லியதாக வெளியே வந்தது. அக்கா கையை எடுத்துவிட்டார். தட்டும் பக்கம் திரும்பினார். கால்குலேட்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். என்ன செய்யட்டும் என்பதுபோலத் தலையை அசைத்தார். நான் தாளைச் சுட்டிக்காட்டினேன். அவர் தாளைப் படித்துவிட்டு மூன்றாவது திருகுக்குக் குனிந்தார்.

மூடி மேற்கூரை வரை போயிற்று.

களிம்பு போதவில்லை. மருத்துவமனை வண்டி வரப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் கலனருகே தொங்கிய தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். கோப்பிலிருந்த ஒன்பது வரித் தாளை அந்த இடத்தில் மாட்டினேன். கால்குலேட்டரே எல்லோர் முன்னாலும் அக்கா ஒரு வரியை விட்டுவிட்டார் என்று சொல்லியிருந்தாள். அதை மறுத்தால் அவள் கையெழுத்துக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு மாணவியின் எதிர்காலத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரிக் குழு இரண்டு நாளில் அறிக்கை கொடுத்தது. படிப்பவரின் கவனக்குறைவு என்று முடித்திருந்தார்கள். துறைத்தலைவர் என் அறைக்கே வந்தார்.

“எழுதறது இருக்கட்டும் சார், இங்க யாருக்கும் படிக்கவே தெரியலை. வாரம் நாலு மணி நேரமாக்கிடலாம். எல்லா வருஷத்துக்கும்.”

நன்றி சொன்னேன்.

மூன்றாவது வாரம் மருத்துவமனைக்குப் போனேன். அக்காவின் இரண்டு கண்களிலும் கட்டு இருந்தது. கட்டைப் பிரித்தாலும் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டதாக அவருடைய மகள் நடைகூடத்திலேயே சொன்னாள். என் குரலைக் கேட்டதும் அக்கா எழுந்து உட்காரப் பார்த்தார்.

“சார் வந்திருக்கீங்களா? அந்த நாற்காலியை எடுத்துப் போடும்மா. சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் எந்த வரியை விட்டேன்? மனசுக்குள்ள ஓட்டி ஓட்டிப் பாக்கறேன். எதையும் விட்ட மாதிரியே தெரியலை.”

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். நனைந்து காய்ந்த எட்டு வரித் தாள். வேறு தாள் என்னிடம் இல்லை. முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தேன். ஆறாவது முடிந்ததும் ஏழாவதையும் அதே குரலில் படித்தேன். எனக்கும் அது மனப்பாடம்தான்.

அக்கா என் பக்கம் சாய்ந்தார்.

“இன்னொரு தடவை படிங்க சார்.”

படித்தேன்.

“அப்ப என் கண்ணுதான் சார். போன வருஷமே டாக்டர்கிட்டக் காட்டியிருக்கணும். உங்க பேரையும் கெடுத்துட்டேன்.”

“பரவாயில்லை அக்கா” என்றேன்.

மகள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். தாளைக் கொடுங்கள் என்று கை நீட்டினாள். கேட்பவருக்கு ஆவணத்தைக் கொடுப்பதுதான் முறை. கொடுத்தேன். அவள் வரிகளை விரலால் எண்ணினாள். பிறகு காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தத் தாளை அவள் அம்மாவிடம் எடுத்துப் போகாமல் இருந்தால் நல்லது, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். படிப்பவரைச் சந்தேகத்தோடு விட்டுவிடக் கூடாது என்றுதான் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று நான் எழுந்து வரும்போது அக்காவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.