பங்குக் கிணறு

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வில்லரேயில், கொட்டும் பனிக்குள் பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு பேர். இளையவர் அந்தக் கிழமைதான் யாழ்ப்பாணம் போய் வந்திருந்தார்.

“அண்ணை, உங்கட பங்குக் கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி போட்டால் பால் திரையுது.”

“உப்பே?” என்றார் மூத்தவர்.

“ஓம். ஆறு வீட்டுக்கும் அது ஒண்டுதானே நல்ல தண்ணிக் கிணறு. இப்ப சனம் தண்ணி கொண்டுவாற பவுசர் லொறிக்குக் குடத்தோட நிக்குது.”

“முந்தி ஆளாளுக்கு முறை வைச்சுத் துலாவால இறைச்சம். ஊறினதுதான் வந்தது. நான்தான் ஊரில இருக்கிற என்ர தம்பிக்கு, வெங்காயத்துக்கு இறைக்க எண்டு மோட்டர் வாங்கிக் குடுத்தனான்.”

“வெங்காயம் நல்லாய்த்தான் வந்திருக்கு. வீட்டுக்கு ஓடு போட்டிட்டார்.”

“பிள்ளையளும் படிக்குதுகள். அதைப் பிழையெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

“இனி என்ன செய்யப்போறாராம்?”

“இன்னும் ஆழமாய்த் துளைச்சால் நல்ல தண்ணி வருமாம். பெரிய மோட்டர் கேக்கிறான்.”

“அடியில கடல்தண்ணி எல்லோ, அண்ணை.”

“தெரியும்.”

பஸ் வந்தது. படியில் கால் வைத்த மூத்தவர் திரும்பாமலே சொன்னார்.

“போன கிழமை காசு அனுப்பிப்போட்டன்.”