கூல்டர் மேட்டில் பதிக்காத வைக்கோல் உருளைகள்

என் பெயர் ஆர்வில் டாக்கெட். வயது 62. கலிபோர்னியா, கூல்டர் பள்ளத்தாக்குச் சாலை, 41ஆம் எண் வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். மலைச்சரிவில் மண் வெட்டிச் சமன்செய்யும் வேலைகளைச் சோதிக்கும் மாவட்ட ஆய்வாளராக 27 வருடமாகப் பணிபுரிகிறேன். இந்தக் காவல் நிலையத்துக்கு என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே வந்தேன்.

மழைக்காலத்துக்கு முன், வெட்டிய சரிவில் மண் கரைந்து போகாமல் தடுக்க வைக்கோல் உருளைகளைக் குறுக்கே போட்டு, நான்கு விரல் ஆழம் மண்ணில் பதித்து, அவற்றின் ஊடாக மர முளை அடிக்க வேண்டும் என்பது விதி. நான் கையெழுத்திட்ட ஆய்வு அட்டை அக்டோபர் 15 காலை அலுவலகத்தில் இல்லாவிட்டால் ஏப்ரல் வரை வேலை நிறுத்தம். அதனால் வருடாவருடம் 14ஆம் தேதி என் பிராணன் போகும்.

சென்ற 14ஆம் தேதி எனக்குப் பதினோரு இடங்கள். பத்தாவதாக, மாலை நான்கரை மணிக்கு, பிராண்ட்வோல்டு என்பவர் வீடு கட்ட வெட்டியிருந்த மேட்டுக்குப் போனேன். முழங்கால் வீங்கியிருந்தது. புல்டோசர் ஓட்டும் யுசேபியோ ரென்டெரியா என் வண்டியருகே வந்து, "சார், உருளையெல்லாம் சும்மா மேலாப்புல கெடக்கு. முளை தீந்துபோச்சு. நாளைக்கு ஒரு நாள் குடுங்க, பதிச்சுடறேன்" என்றார். "இன்னிக்கு நான் கையெழுத்து போடலேன்னா ஏப்ரல் வரைக்கும் வீட்டுல குந்திக்கிட்டு ஈ ஓட்டுவியா?" என்றேன். "எறங்கி ஒரு எட்டு பாத்துருங்க சார்" என்றார். "உன் மலை எங்கயும் ஓடிப்போயிடாது, போப்பா" என்று சொல்லி, அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உதவி செய்ததாகவே நினைத்தேன்.

அதன் பிறகு 15ஆம் தேதி காலை ரென்டெரியா முளைகளோடு வந்திருக்கிறார். பிராண்ட்வோல்டு, "அதான் கையெழுத்தாயிடுச்சே, அப்புறம் எதுக்குய்யா வெட்டி வேலை?" என்று சொல்லி அவரை வேறொரு பாதை வெட்ட அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு 16ஆம் தேதி மதியம் இரண்டு மணி நேரம் மழை கொட்டியது. தண்ணீர் உருளைகளுக்கு அடியில் புகுந்து, அவற்றையும் மண்ணையும் சேர்த்துச் சரிவுக்குக் கீழே இருந்த வீட்டின் சமையலறைக்குள் தள்ளியது. அங்கே ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த கிளெண்டா பர்விஸ் அம்மாளை உயிரில்லாமல்தான் வெளியே எடுத்தார்கள். செய்தி கேட்டுப் போய் நான் அங்கே நின்றேன். வாசலில் கிடந்த உருளை எதிலும் முளை அடித்த ஓட்டை ஒன்றுகூட இல்லை.

அதன் பிறகு ரென்டெரியாவைக் கைது செய்தீர்கள். என்னிடம் முன்பே சொன்னதாக அவர் சொல்வது பொய் என்றும், நான் சோதித்த பிறகு அவரே உருளைகளைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அட்டை அப்படித்தான் சொல்கிறது. என் மேலதிகாரி, "நாலு மாசத்துல ரிட்டயர்டு, வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றார். எட்டு நாள் மூடிக்கொண்டும் இருந்தேன். எனக்கே என்னைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

ரென்டெரியா சொல்வது நிஜம். அட்டையில் "சரிவில் நடந்து பார்த்தேன்" என்ற கட்டத்தில் டிக் அடித்தது நான். அன்று நான் வண்டியை விட்டு இறங்கவேயில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டுவதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்று சொல்லி, வாங்கி நானே வரிவரியாகப் படித்தேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) ஆர்வில் டாக்கெட்