மகளாகத் திருத்திய பக்கம்

பழைய பதிவேட்டை எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. ஆவண அறைக்கு வருகிறவர்களிடம் முப்பத்தொரு வருடமாக நான் முதலில் சொல்வது இதைத்தான். பிறப்பு, இறப்புப் பதிவேடுகளுக்கு நடுவிலேயே கிடப்பவன் என்று அலுவலகத்தில் என்னைப் பெருச்சாளி என்பார்கள். பெருச்சாளி தாளைக் கடித்துக் குதறும். நான் ஒரு தாளைக்கூடக் கிழித்தவனில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நர்ஸ் ஒரு சனிக்கிழமை வந்தாள். அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். பிறந்த தேதியும் இல்லம் கொடுத்த ஓர் எண்ணும்தான் கையில் இருந்தன.

"எனக்கு முன்னாடி யாரெல்லாம் இருந்தாங்கன்னு தெரியணும் சார். உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கான்னு வர்ற நோயாளிய எல்லாம் கேக்குறேன். என்னைக் கேட்டா சொல்றதுக்கு ஒரு பேரு இல்ல."

அவளுடைய பக்கம் அரைமணி நேரத்தில் கிடைத்துவிட்டது. தாயின் பெயர், தொழில் தையல், முகவரி, எல்லாம் தெளிவாக இருந்தன. தந்தையின் இடம் காலி. எங்கள் அறையில் ஒரு விதி உண்டு. எந்தப் பக்கத்தை யாருக்காகத் தேடி எடுத்தாலும், அவர் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி அந்தப் பக்கத்திலேயே செருக வேண்டும். எழுதிச் செருகினேன். பிறகு வெளியே வந்து, "கிடைக்கலம்மா, அடுத்த வாரம் பாப்போம்" என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். வந்ததும் வராததுமாக அவள், "மணி ரெண்டாகுது, சாப்டீங்களா சார்?" என்று கேட்டிருந்தாள். என் மனைவி போன பிறகு என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. எங்கள் ஒரே மகள் நாலு வயதில் காய்ச்சலில் போனாள். அந்த ஏக்கத்திலேயே அவள் அம்மாவும் போனாள். மகள் இருந்திருந்தால் இந்த நர்ஸின் வயதுதான். பக்கத்தை அன்றே கொடுத்திருந்தால் அடுத்த சனிக்கிழமை அவள் எதற்கு வரப்போகிறாள்?

பத்து சனிக்கிழமை வந்தாள். பதினோராவது வாரம் என் மகளின் பிறப்புப் பதிவை எடுத்து, தேதியை அடித்து, ஓரத்தில் அவளுடைய தேதியைத் திருத்தமாக எழுதிக் கையொப்பமிட்டேன். முறைப்படிதான் செய்தேன். அதை அவள் முன்னால் வைத்து, "நான்தாம்மா உன் அப்பா. உன்னைப் பெத்ததும் அம்மா போயிட்டா. எனக்கு வளக்கத் தெரியல. சொல்ல இத்தனை நாள் தைரியம் வரல" என்றேன்.

ஒரு மாதம் அவள் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு வந்து, "போனது போகட்டும்பா" என்றாள். செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்தபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். அது நடிப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து வம்ச வரிசை எழுதினோம். என் பாட்டனாருக்குக் கணுக்கால் வீங்கும் என்றேன். உடனே தன் காலைத் தொட்டுப் பார்த்து, "டியூட்டி முடிஞ்சா எனக்கும் வீங்குதுப்பா" என்று சந்தோஷப்பட்டாள். நாளெல்லாம் நிற்கிற எந்த நர்ஸுக்கும் வீங்கும். அதை நான் சொல்லவில்லை.

பெற்றவள் உயிரோடிருந்து தேடி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. பதிவில் இருந்த முகவரிக்குப் போனேன். தையல்காரம்மா அதே வாடகை வீட்டில் இருந்தார். வீட்டுக்காரர் இரண்டு முறை காலி செய்யச் சொல்லியும் கெஞ்சிக் கூத்தாடி அங்கேயே இருந்துவிட்டாராம்.

"வயித்துக்கில்லாத கொடுமை, புள்ளைய இல்லத்துல விட்டேன். அது என்னைக்காவது தேடிட்டு வந்தா இந்த அட்ரஸுக்குத்தான சார் வரும்?"

உங்கள் குழந்தை நாலு வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டது என்று சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த துணியை அவர் மெதுவாக மடித்து வைத்தார். "எங்க பொதச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். அதை நான் யோசித்து வரவில்லை. என் மகளின் கல்லறை எண்ணைச் சொன்னேன். கல்லில் பெயர் வெட்ட எனக்கு அப்போது மனம் வராததால் எண் மட்டும்தான் இருந்தது.

அவரையும் நான் வெறுங்கையோடு விடவில்லை, பாருங்கள். வாராவாரம் அங்கே போனார். பாசி பிடித்த கல்லைத் தேய்த்துக் கழுவினார். சின்னச் சின்ன கவுன்களாகத் தைத்து வைத்துவிட்டு வந்தார். நான் தூர நின்று பார்ப்பேன். பெற்ற தகப்பன் நான் அந்தக் கல்லுக்கு அவ்வளவு செய்ததில்லை.

போன மாதம் அவரை நெஞ்சு வலி என்று சேர்த்தார்கள். ஊரில் இருப்பதே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதில் என் நர்ஸ் மகளின் வார்டு.

"பாவம்பா, யாருமே இல்ல. செத்துப்போன புள்ளையப் பத்தியே பேசுது. என் கையப் புடிச்சுக்கிட்டாத்தான் தூங்குது. நீங்க ஒரு தடவ வந்து பாருங்களேன்" என்றாள் மகள்.

போனேன். தையல்காரம்மா படுத்தபடியே என்னைக் கும்பிட்டார். "இந்த சார்தாம்மா என் புள்ள இருக்குற இடத்தைக் காட்டினாரு" என்று அவளிடம் சொன்னார். மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவள் அந்தக் கட்டில் பக்கமே நின்றுவிடுவாள் என்று தோன்றியது. விழுங்கிவிட்டேன். நாலாம் நாள் அவர் இறந்தார்.

அநாதைப் பிணமாகப் போகக் கூடாது என்று எல்லாவற்றையும் மகளே முன்நின்று செய்தாள். அந்தக் குழந்தையின் கல்லறைக்குப் பக்கத்திலேயே இடம் வாங்கினாள். கல்லில் குழந்தையின் பெயரையும் வெட்ட வேண்டும் என்று அந்தம்மாவின் பெயரைச் சொல்லிப் பிறப்புப் பதிவைப் பார்க்க அலுவலகம் போனாள். அன்று நான் விடுப்பு. வேறொரு குமாஸ்தா பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே சீட்டு இருந்தது. என் கையெழுத்தில் அவளுடைய பெயரும் அவள் முதன்முதலில் வந்த சனிக்கிழமையும். அதை எடுத்துப் போட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். விதியை மீறி எனக்குப் பழக்கமில்லை.

வீட்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தப்ப உங்களுக்குத் தெரியும், இல்ல?"

தெரியும் என்றேன். பெற்ற பிள்ளையிடம் எப்படிப் பொய் சொல்வது?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். கைக்குள் கை இருந்தும் ஒரு தாயையும் பிள்ளையையும் சேரவிடாமல் செய்தவன் நான்தான். வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஒன்று மட்டும் தவறு. புகார் கொடுத்தவருக்கு நான் என்ன உறவு என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று இருக்கிறது. கோபத்தில் சொல்லியிருப்பாள். அப்பா என்று எழுதுங்கள்.