கழற்ற முடியாமல் போன சீருடை பற்றி மனைவி சொன்னது

எனக்கு வயது அறுபத்தாறு. அருங்காட்சியகத்துக்குப் பின்தெருவில், மாடி வீட்டில் என் கணவருடன் குடியிருக்கிறேன். தையல் தொழில் செய்கிறேன். இவ்வழக்கில் பிடிபட்டிருப்பவர் என் கணவர், முன்னாள் ராணுவ வீரர்.

இன்று காலை மழைக்கு ஒதுங்க நாங்கள் அருங்காட்சியகத்துக்குள் போனோம். அங்கே போர்க்காலச் சீருடைச் சட்டை ஒன்றைத் தூசி தட்டுவதற்காகக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்திருந்தார்கள். பக்கத்துப் பலகையில் 'போரில் உயிர்நீத்த வீரர்' என்று போட்டு, சட்டையில் தைத்திருந்த என் கணவர் பெயரையே எழுதியிருந்தார்கள். அவர் காவலாளியிடம், "இது என் சட்டைங்க, நான் சாகலையே" என்றார். அதற்குக் காவலாளி, "செத்துட்டார்னு எழுதியே இருக்கே, பெரியவரே" என்று சொல்லிவிட்டு, காப்பாட்சியரை அழைத்து வரப் போனார். அதன்பின் என் கணவர், அளவு சரியாக இருந்தால் நம்புவார்கள் என்று சொல்லி, நான் தடுத்தும் கேளாமல் சட்டையை மாட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துப் பொத்தான்களையும் போட்டுவிட்டார். அதன்பின் பொத்தான்கள் இறுகிக் கழற்ற வரவில்லை.

வந்து பார்த்த காப்பாட்சியர், "ஐயோ, மூச்சு விடாதீங்க, துணி கிழிஞ்சிடும்!" என்று கத்தினார். என் கணவர் முடிந்தவரை ஒத்துழைத்தார். அப்போது வந்த பார்வையாளர்கள் அவரைப் பொம்மை என்று நினைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் தும்மியதும் ஓடினார்கள். அதற்குள் காவலாளி போலீசுக்குச் சொல்லிவிட்டார்.

சட்டையோடு வெளியே போனால் திருட்டு, கத்தரித்தால் சேதம் என்று காப்பாட்சியர் சொன்னதால், அவர் சம்மதத்தின் பேரில் நான் விலாப்பக்கத் தையலை மட்டும் ஊசியால் பிரித்தேன். காப்பாட்சியர் பார்க்க மாட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிரிக்கும்போது அங்கே ஒரு பொத்தலும் அதைச் சுற்றிக் கறையும் இருப்பதைக் கண்டு, "உங்களுக்கு இங்க காயமே கிடையாதேங்க?" என்று கேட்டேன்.

அதன்பின் என் கணவர், கூட இருந்தவனுக்குக் குளிர்காய்ச்சல் என்று தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்ததாகவும், அதைப் போட்டுக்கொண்டே அவன் குண்டடிபட்டு இறந்ததாகவும் சொன்னார். "சட்டைதான் என்னோடது. சாவு அவனோடது. பலகையில அவன் பேரைப் போடுங்க" என்று அந்தப் பெயரைச் சொன்னார்.

அது எங்கள் மூத்த மகனின் பெயர். பிள்ளை பிறந்தபோது அந்தப் பெயர் வேண்டாமென்று நான் சண்டை போட்டேன். "நல்ல பேரு" என்பதற்குமேல் அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

காப்பாட்சியர் தாமே பலகையைக் கழற்றினார். என் கணவருக்குத் திருடும் எண்ணம் இல்லை. பிரித்த தையலை நானே போட்டுத் தருகிறேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)