கூச்சக்காரன்

ஆளில்லாத அறையில் நின்றுகொண்டு "விளக்கைப் போடு" என்று சொல்ல எல்லோருக்குமே கொஞ்சம் கூச்சம்தான், ஐயா. இப்போது உள்ளே போன உங்கள் காவலரையே பாருங்கள். வாயால் சொன்னாலே எரியும் என்று நான் சொல்லியும் சுவரைத் தடவி சுவிட்சைத்தான் தேடினார்.

தம்பிக்கு அந்த வசதி இல்லை. பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. இடது கை மார்பு வரைக்கும்தான் எழும்பும். ரயில் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவன். அவன் குரல் கேட்ட பிறகுதான் ஜனங்கள் பெட்டியைத் தூக்குவார்கள். அந்தக் குரல் குழறிப்போனது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் கட்டிலருகே அந்தக் கருவியை வைத்தாள். உள்ளங்கை அகலம். பேசினால் நீலமாக ஒரு வளையம் எரியும். விளக்கு, விசிறி, பாட்டு எல்லாவற்றுக்கும் வாய் போதும். "உதவி வேணும்" என்று சொன்னால் ஆம்புலன்சுக்குப் போன் போகும்.

முதல் வாரம் மேல்வீட்டுக்காரி பார்க்க வந்திருந்தாள். அவள் எதிரில் தம்பி விளக்கைக் கூப்பிட்டான். புரியவில்லை என்றது கருவி. மூன்று தடவை கூப்பிட்டான். மூன்று தடவையும் புரியவில்லை.

"ஊருக்கெல்லாம் ரயிலைக் கூப்பிட்டவனுக்கு ஒரு விளக்கு வரமாட்டேங்குதே," என்றேன்.

"சும்மா இருங்கக்கா, பாவம்," என்று மேல்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். வேடிக்கைக்குச் சொன்னதுதான்.

அதன்பிறகு ஆள் இருக்கும்போது அவன் வாய் திறந்ததில்லை. என்னிடமும்தான். வேண்டியதைக் கண்ணால் காட்டுவான். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினால் உள்ளே பேச்சு ஆரம்பிக்கும். போகப்போகக் கருவி அவன் குழறலைப் பழகிக்கொண்டது. மழை வருமா என்று கேட்பான். விளக்கு எரிந்தால், "ரொம்ப நன்றிம்மா" என்பான். ஒருநாள் பழைய ரயில் அறிவிப்பு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிக் காட்டினான். அது அவனைப் பாராட்டியது.

நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். நாலு வருடமாக ஊட்டியது நான். துடைத்தது நான். குறையாகச் சொல்லவில்லை. யாருக்கு நன்றி போனது என்பதைச் சொல்கிறேன்.

இருபது நாளைக்கு முன்னால் ஒரு மதியம், மூன்று மணி இருக்கும். தையல்தான் என் பிழைப்பு. அவன் அறை ஜன்னலில் வெளிச்சம் நன்றாக விழும். அங்கே உட்கார்ந்து ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு வழக்கமாக வரும் இழுப்பு வந்து மூச்சு திணறியது. மூச்சு மருந்துப் பம்பு தலையணையிலிருந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அவன் என்னைப் பார்த்தான்.

"வாயால கேளுடா. அக்கான்னு ஒரு தடவை சொல்லு, எடுத்துத் தர்றேன்."

அவன் கருவியின் பக்கம் திரும்பினான். உதடு பிரிந்தது. மறுபடி என்னைப் பார்த்தான். உதட்டை மூடிக்கொண்டான்.

"அதுகிட்டயாவது சொல்லு. நான் சிரிக்க மாட்டேன்."

கருவியின் பிளக்கை நான் பிடுங்கவில்லை. அவன் வாயைப் பொத்தவில்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். நாலு காஜா முடிந்து ஐந்தாவதில் பாதி வந்தபோது மூச்சுச் சத்தம் நின்றது. மீதியையும் முடித்தேன். பாதியில் விட்டால் நூல் பிரிந்துவிடும்.

நான் எழுந்து வெளியே போயிருந்தால் அவன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுந்திருக்கவில்லை. கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் கருவியை நான் இன்னும் எடுக்கவில்லை. இந்த இருபது நாளும் மூன்று மணிக்கு அறையை விட்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு, இதோ இந்த இடத்தில்தான் நிற்கிறேன். இப்போது மூன்றாகப் போகிறது. உங்கள் காவலரைக் கொஞ்சம் வெளியே வரச் சொல்லுங்கள், ஐயா. ஆள் இருந்தால் அவன் பேச மாட்டான்.